கழிக்கிற பணத்தை ரூபாயில் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கொண்டுவந்திருக்கும் புதிய விதிமுறைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1996-ல் போட்ட விதிகளை எடுத்துவிட்டு 2026 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் வந்ததையும், ஃபண்டு நிறுவனங்கள் வசூலிக்கும் கட்டணத்தின் உச்சவரம்பு குறைந்ததையும் புரியும்படி எழுதியிருந்தீர்கள். ஆனால் இனி முதலீட்டாளருக்குச் செலவு குறைந்துவிடும் என்று முடித்திருந்தீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

பங்கு ஃபண்டுகளில், ஒரு ஃபண்டில் சேர்ந்திருக்கும் பணத்தில் முதல் 500 கோடி ரூபாய்க்கு வருஷத்துக்கு 2.25 சதவீதமாக இருந்த வரம்பு இப்போது 2.10. சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்கு 1 சதவீதம் என்பது 0.90 ஆகியிருக்கிறது. பார்த்ததும் நமக்கு லாபம் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தப் புதிய எண் அடிப்படைச் செலவு மட்டுமே. ஜிஎஸ்டி, பங்குப் பரிவர்த்தனை வரி, முத்திரைத் தீர்வை எல்லாம் இதற்கு வெளியே. எவ்வளவு ஆகிறதோ அவ்வளவும் தனியாகச் சேரும். முன்பு இவற்றில் சில பழைய வரம்புக்குள்ளேயே அடங்கியிருந்தன. ஆகவே 2.25-ஐயும் 2.10-ஐயும் பக்கத்தில் வைத்து, 0.15 மிச்சம் என்று சொல்ல முடியாது. வரியைப் பிரித்துக் காட்டுவது நல்ல காரியம்தான். அரசுக்குப் போவது எது, நிறுவனத்துக்குப் போவது எது என்று தெரியும். கூட்டிப் பார்த்தால் என்ன வருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுமையாகும்.

புரோக்கர் கமிஷன் விஷயத்தில் செபி பின்வாங்கியதையும் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. ஃபண்டுகள் பங்கு வாங்கி விற்கும்போது நூறு ரூபாய்க்கு 12 பைசா வரை புரோக்கருக்குக் கொடுத்து, அதையும் நம் தலையில் வைக்க முடிந்தது. 2025 அக்டோபரில் இதை 2 பைசாவாகக் குறைக்கலாம் என்று செபி சொன்னது. எந்தப் பங்கை வாங்கலாம் என்ற ஆய்வுக்காக நிர்வாகக் கட்டணத்தில் ஒரு முறையும் புரோக்கர் கமிஷனில் இன்னொரு முறையும் முதலீட்டாளர் பணம் கட்டுகிறார் என்பது அதற்குச் சொன்ன காரணம். சரியான காரணம். டிசம்பரில் முடிவு எடுத்தபோது, வரி நீங்கலாக 6 பைசா என்று நின்றுவிட்டது. ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் வாங்குவது தப்பு என்றால், 6 பைசாவுக்கும் அது தப்புதானே?

இதையெல்லாம் நான் இவ்வளவு அக்கறையாகப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. முப்பது வருஷம் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியவள் நான். 2017-ல் ஓய்வு பெற்றதும் கைக்கு வந்ததில் 10 லட்சத்தை, வேறொரு வங்கியின் அதிகாரி சொன்னபடி ஒரு பங்கு ஃபண்டில் போட்டேன். அது முகவர் கமிஷன் சேர்ந்த ரெகுலர் பிளான் என்றோ, 2013 ஜனவரியிலிருந்தே அதே ஃபண்டு கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானாகவும் கிடைக்கிறது என்றோ அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தெரியவில்லை. 2022-ல் என் அக்கா மகன் அரையாண்டு அறிக்கையைப் புரட்டிவிட்டு, "சித்தி, உங்க கணக்கிலிருந்து கமிஷன் போயிட்டிருக்கே, தெரியுமா?" என்று கேட்டபோதுதான் விழித்தேன்.

என் ஃபண்டில் இரண்டு பிளான்களுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 1 சதவீதம். சின்ன எண். 10 லட்சத்தை 20 வருஷம் 12 சதவீத வளர்ச்சியில் விட்டால் சுமார் 96 லட்சம் ஆகும். 11 சதவீதத்தில் விட்டால் சுமார் 80 லட்சம்தான். சரி, மாற்றிவிடலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவது விற்று வாங்குவதாகவே கணக்கு. லாபத்துக்கு வரி உண்டு. வரிவிலக்கு வரம்பைத் தாண்டாமல் வருஷத்துக்குக் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு வருகிறேன்.

முகவர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது, எங்கள் தெருவில் பலருக்கு ஒரு முகவர் வீடு வீடாகப் போய், "இப்ப விக்காதீங்க" என்று தைரியம் சொன்னார். அவருக்குக் கொடுக்கிற கமிஷன் நியாயமான கூலி. ஆனால் விற்ற பிறகு ஒரு தடவைகூட ஃபோன் எடுக்காதவருக்கும் அதே கமிஷன் வருஷா வருஷம் போகிறது.

முகவர் கமிஷனை ரூபாயில் காட்ட வேண்டும் என்று 2016-லேயே செபி உத்தரவு போட்டது. என் அக்கா மகன் கண்டுபிடித்தது அதனால்தான். ஆனால் ஃபண்டின் மொத்தச் செலவு என் அறிக்கையில் இன்றும் சதவீதமாகத்தான் இருக்கிறது. இந்தப் பணம் கணக்கிலிருந்து கழிந்ததாக எங்கும் ஒரு வரி வராது. ஃபண்டில் நம் பங்காக இருக்கும் யூனிட்டின் விலையிலேயே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடுகிறது. மின்சாரக் கட்டணத்தை "உங்கள் வருமானத்தில் 1.8 சதவீதம்" என்று எழுதி அனுப்பினால் நாம் ஒப்புக்கொள்வோமா?

80 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்ட தொழில் இது. ஒவ்வொருவருடைய யூனிட்டும் கணினியில் தசம புள்ளி வரை இருக்கிறது. இந்த ஆறு மாதத்தில் உங்களிடமிருந்து எடுத்தது இத்தனை ரூபாய், அதில் நிறுவனத்துக்கு இவ்வளவு, முகவருக்கு இவ்வளவு, வரிக்கு இவ்வளவு என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுவது முடியாத காரியமா? அப்புறம், எனக்கு வரும் அறிக்கை முழுக்க ஆங்கிலம். ஃபண்டு கணக்குகளில் பெரும் பகுதியைப் பராமரிக்கும் கேம்ஸ் நிறுவனம் சென்னையில்தான் இருக்கிறது. கேட்கிறவர்களுக்குத் தமிழிலும் அனுப்பலாம்.

உங்கள் நிருபர் இந்த இரண்டையும் செபியிடமும், ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியிடமும் கேட்டு, அவர்கள் சொல்கிற பதிலை அப்படியே வெளியிட வேண்டும். அடுத்த அரையாண்டு அறிக்கை எனக்கு அக்டோபரில் வரும். அதற்குள் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர்,
கும்பகோணம்.