தண்ணீர் பைப்பைக் காற்று லைனுக்கு விற்றது குறித்துப் புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு கேரேஜில் பழைய மரச்சாமான்களைச் சரிசெய்து ஸ்ப்ரே பெயின்ட் அடித்துக் கொடுக்கிறேன். ஸ்ப்ரே கன்னுக்கு அழுத்தக் காற்று கொண்டுபோகும் கம்ப்ரஸர் லைனுக்கு என்று சொல்லிக் கேட்டுத்தான் உங்கள் டர்பன் கிளையில் ஒரு பிவிசி பைப் செட் வாங்கினேன். அது வெடித்துவிட்டது. ஈமெயில் போட்டதற்கு நீங்கள் அனுப்பிய பதில்: பைப் 16 பார் அழுத்தம் தாங்கும், உங்கள் கம்ப்ரஸர் 8 பார்தான், ஆகவே ஒட்டியதில்தான் கோளாறு இருக்கும்.

சரி, ஒட்டியதில் கோளாறு என்றால் ஒட்டிய இடம்தானே விட்டுப்போயிருக்க வேண்டும்? எல்போ, டீ என்ற இணைப்புத் துண்டுகள் எல்லாம் சுவரில் அப்படியே இருக்கின்றன. உடைந்தது நடுப் பைப். நீளவாக்கில் பிளந்து, கூர்கூரான சில்லுகளாகச் சிதறி, அதில் ஒன்று எதிர்ச்சுவர் அலமாரியின் பிளைவுட் கதவில் குத்தி நிற்கிறது. அந்த நேரம் உள்ளே யாரும் இல்லை. சில்லுகளை ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன், படங்களும் ரசீதும் இத்துடன் இருக்கின்றன, யாரையாவது அனுப்பிப் பார்க்க வேண்டுமென்றாலும் அனுப்புங்கள்.

உங்கள் பதிலில் எனக்குக் கோபம் வந்த இடம் அந்த 16 பார் கணக்கு. பைப்பின் மேல் அச்சடித்திருக்கும் அந்த எண் தண்ணீருக்கானது, அதுவும் 20 டிகிரி அளவிலுள்ள தண்ணீருக்கு. தண்ணீர் அநேகமாக அமுங்காது, அதனால் பைப் கீறினால் கொஞ்சம் பீய்ச்சியடிக்கும், அழுத்தம் உடனே இறங்கிவிடும். காற்று அப்படியில்லை, 8 பாரில் அடைபட்டுக் கிடக்கும் ஒரு லிட்டர் காற்று வெளியே வந்தால் ஒன்பது லிட்டராக விரியும், அந்த விரிவுதான் சில்லுகளைத் தூக்கி எறியும். ஒரே பைப், ஒரே அழுத்தம், ஆனால் ஒன்றில் தரை நனையும், இன்னொன்றில் கண் போகும். 1988-லேயே அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷா, தரைக்கு மேலே ஓடும் காற்று லைனுக்கு பிவிசி போடாதீர்கள் என்று எச்சரிக்கை விட்டது. பிவிசி பைப் செய்யும் கம்பெனிகள் பலவும் தங்கள் கையேட்டிலேயே அதைச் சொல்கின்றன. பைப் விற்கும் உங்களுக்கு இது தெரியாது என்றால் என்னால் நம்ப முடியவில்லை.

இதோடு சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றே சூடு, மேலே தகரக் கூரை, ஜனவரிக் கோடையில் டர்பன் வெயில் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 43 டிகிரி வந்தால் பிவிசியின் தாங்குதிறன் கிட்டத்தட்ட பாதி. அப்போது அந்த 16 பார் எங்கே போயிற்று? அப்புறம், சில வகைக் கம்ப்ரஸர் எண்ணெய் பிளாஸ்டிக்கைப் பலவீனப்படுத்தும், வெயில் நேரே பட்டால் நாளாக ஆகப் பைப் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், அதெல்லாம் வேறு.

கவுன்டரில் இருந்த தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. "அங்கிள், இது 16 பார், பயப்படாதீங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார், அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அவர் என்னிடம் சொன்னார். ஆனால் அதே கடையில், இரண்டு அலமாரி தள்ளி, செம்புப் பைப் இருக்கிறது, கறுப்பு இரும்புப் பைப் இருக்கிறது, காற்றுக்கென்றே செய்த அலுமினியப் பைப்பும் இருக்கிறது. விலை கூடத்தான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், யாரும் அந்தப் பக்கம் கை காட்டவே இல்லை. இப்போது செம்பு போட்டுவிட்டேன். கம்ப்ரஸர் அதிர்வு பைப்புக்குப் போகாமல் நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ், லைனுக்குக் கொஞ்சம் சரிவு, காற்றிலிருந்து சேரும் தண்ணீரைத் தாழ்ந்த முனையில் வடிக்க ஒரு திறந்து மூடும் வால்வு, ஸ்ப்ரே கன்னுக்குப் போகும் கிளைகள் எல்லாம் மெயின் பைப்பின் மேல் பக்கத்திலிருந்து. இதையெல்லாம் நானே தேடிப் படித்துச் செய்ய வேண்டியிருந்தது.

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 55(3)-ஐ உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். எதற்காக வாங்குகிறேன் என்று வாடிக்கையாளர் குறிப்பாகச் சொல்லி, விவரம் தெரிந்தவராகக் கடைக்காரர் பொருளை விற்றால், அது அந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. ரசீதிலேயே "ஏர்லைன் செட்" என்று உங்கள் ஆள் எழுதியிருக்கிறார். வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை, ஆகவே பிரிவு 56-இன்படி பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கிறேன். திருப்பி எடுத்துப்போகும் செலவும் உங்களுடையது. அலமாரிக் கதவுக்கும் நஷ்டஈடு வேண்டும், பிரிவு 61.

பணத்தைவிட எனக்கு முக்கியமானது ஒன்று இருக்கிறது. அந்த செட்டைக் காற்று லைனுக்கு என்று விற்பதை இன்றே நிறுத்துங்கள். என்னைப் போல் ஏற்கெனவே வாங்கிப்போனவர்களின் ஃபோன் நம்பர் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும், அவர்களைக் கூப்பிட்டு லைனில் காற்றை இறக்கிவிடச் சொல்லுங்கள். என் பணம் வர நாளானாலும் பரவாயில்லை, அந்த ஃபோன் போக நாளாகக் கூடாது.

இந்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் இதே கடிதம், சில்லுகளின் படங்களோடு, நுகர்வோர் பொருள் மற்றும் சேவை ஆம்புட்ஸ்மனுக்கும் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கும் போகும்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாடிக்கையாளர்