விளக்கணைத்த வார்டில் வாசிக்க

அன்பு மகள் மங்கைக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் செல்பேசியில் எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பானான டாக்பேக் இதை உனக்கு மட்டும் படித்துக் காட்ட வேண்டும் என்பதற்காகவே யுனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். மாப்பிள்ளையையோ உன் அத்தையையோ கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டாம். இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாகக் கேள்.

புற்றுநோய்க்கான சென்ற சுற்று மருந்து ஏறிய பிறகு, நான் எதைக் கேட்டாலும் "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்ற ஒரே பதிலைத்தான் சொல்கிறாய். என்ன படிக்கிறாய் என்று கேட்டதற்கு மட்டும், படிக்க நேரமில்லை என்றாய். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும் வரை மணிக்கணக்கில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் உனக்கு நேரமில்லை என்பதை நான் எப்படி ஏற்றுக்கொள்வது? பாளையங்கோட்டை விடுதியில் அம்மை போட்டுக் கிடந்தபோதுகூடப் போர்வைக்குள் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் புத்தகத்தை வைத்துக்கொண்டு, வார்டன் விளக்கை அணைத்த பிறகும் வாசித்துக்கொண்டிருந்தவள் நீ. உன் பெரியம்மா அதை இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருட்டில் மற்றவர்கள் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கும் நேரத்தில் வாசிக்க முடிந்தவள் நீ ஒருத்திதான் என்பதில் எனக்கு அன்றும் பெருமை, இன்றும் பெருமை. அதனால்தான் நேரமில்லை என்று நீ சொன்னதை என்னால் சும்மா விட முடியவில்லை.

மருத்துவமனையில் உனக்குத் தரப்படும் தாள்களை நான் நினைத்துப் பார்க்கிறேன். ஸ்கேன் அறிக்கை, ரத்தப் பரிசோதனை முடிவு, கையெழுத்துக் கேட்கும் ஒப்புதல் படிவம் எல்லாமே அச்சடித்த தாளாகவோ, திரைவாசிப்பான் படிக்க முடியாத வெறும் படமாகவோதான் வருகின்றன. உன் உடம்பில் நடப்பதை முதலில் இன்னொருவர் படித்து, அவர் முகம் மாறி, குரலைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் உனக்குச் சொல்கிறார். இப்படிப்பட்ட நாட்களில் யாருடைய தயவும் யாருடைய குரல் நடுக்கமும் இல்லாமல் நேராக உன்னிடம் வந்து சேர்வது, நீயே வாசிக்கக்கூடிய ஒரு புத்தகம்தான். அதை நீ விட்டுவிடக் கூடாது. பொழுதுபோவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. எங்கே நிறுத்துவது, எதைத் திரும்பப் படிப்பது, எதைப் பிடிக்கவில்லை என்று தள்ளிவைப்பது என்பதையெல்லாம் நோயாளியான பிறகும் நீயே தீர்மானிக்கிற இடம் அது ஒன்றுதான்.

உனக்கு ஏறுகிற மருந்தின் பெயர் பாக்லிடாக்சல் என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த மருந்து சிலருக்குக் கைவிரல், பாதம் ஆகியவற்றின் நரம்புகளைத் தாக்கி, நுனிகளை மரத்துப்போகச் செய்யும் என்று இங்கே நம் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் விளக்கினார். உனக்கு அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை இருந்தால், டாக்டரிடம் சொல்லிவிடு. விரல் மரத்துப்போகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று அவர்கள் கேட்பார்களாம். நீ பொத்தானைப் போட்டுவிடுவாய், முடிகிறது என்றும் சொல்லிவிடுவாய். பொத்தானை உணர்வதற்கும் பிரெய்ல் எழுத்தின் ஆறு புள்ளிகளில் எது மேடு, எது வெறுமை என்று பிரித்தறிவதற்கும் உள்ள தூரம் அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. "நான் விரலால் படிப்பவள், என் வலது ஆள்காட்டி விரல்தான் எனக்குக் கண்" என்று நீயேதான் வாய்திறந்து சொல்ல வேண்டும். மருந்தின் அளவைக் குறைத்துவிடுவார்களோ, சிகிச்சை தள்ளிப்போகுமோ என்று பயந்து மறைக்காதே. என்ன செய்வது என்று முடிவெடுப்பது அவர்கள் வேலை, சொல்வது உன் வேலை. பலருக்குச் சிகிச்சை முடிந்த பிறகு சில மாதங்களில் மரமரப்பு மெல்லக் குறைந்துவிடும் என்றாலும், சிலருக்கு நெடுநாள் நீடிப்பதும் உண்டாம். அதனால்தான் முதலிலேயே சொல்வது நல்லது என்கிறேன். ஊசி போடும்போதும், அறுவை நடந்த பக்கத்தை அவர்கள் தவிர்ப்பார்கள் என்றாலும், படிக்கிற கையின் புறங்கையை விட்டு வேறு இடத்தில் போட முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்.

பிரெய்ல் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெய்லைப் பற்றி உன் ஏழாம் வகுப்புப் பேச்சுப் போட்டிக்கு நாம் சேர்ந்து எழுதியதில் ஒரு செய்தியைச் சேர்க்காமல் விட்டுவிட்டோம். இளம் வயதிலேயே அவரைக் காசநோய் பிடித்துக்கொண்டது. பின்னர் அதனாலேயே 1852இல், 43 வயதில் இறந்தார். அந்த நோயோடு இருந்த காலத்தில்தான், பார்வையுள்ளவர்களும் படிக்கும்படி சாதாரண எழுத்துகளைப் புள்ளிகளாலேயே வரையும் இன்னொரு முறையை உருவாக்கி, 1839இல் வெளியிட்டார். பார்வையற்றவர்கள் யாரிடமும் சொல்லி எழுதச் செய்யாமல், தம் வீட்டாருக்குத் தாமே கடிதம் எழுத வழி செய்த முறை அது. நோயிலும் அவருக்கு அந்த நினைப்பு இருந்திருக்கிறது. உனக்கும் வீட்டுக்கு எழுத வேண்டும் என்ற நினைப்பு வரலாம்.

காதால் கேட்பது படிப்பாகாது என்று கல்லூரியில் நீ உன் தோழிகளோடு வாதாடுவாய். எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறியும் விரலுக்குத்தான் தெரியும் என்று நீ சொன்னதை, தமிழாசிரியையான நான் மறுக்க மாட்டேன். ஆனாலும் அந்தப் பிடிவாதத்தைச் சில மாதங்களுக்குத் தள்ளிவை. பிரிட்டனில் 1935இல் பேசும் புத்தகங்கள் இசைத்தட்டில் வந்தபோது, தட்டின் ஒரு பக்கத்தில் 25 நிமிடம்தான் ஓடும். ஒரு நாவலுக்கு ஓர் அடுக்குத் தட்டுகள் வேண்டும். போரில் கண்ணிழந்தவர்களையும், வயதான பிறகு பார்வை போய் விரலைப் பழக்க முடியாதவர்களையும் எண்ணித்தான் அவ்வளவு பாடுபட்டார்கள். விரல் ஓய்ந்திருக்கும்போது காது படிக்கட்டும் என்பது உனக்காகப் புதிதாகக் கண்டுபிடித்த சலுகை இல்லை.

பார்வையற்றோருக்கான ஒலிநூல் வடிவமான டெய்சியில் இருக்கும் நூல்களையே எடு. அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவலாம், தூங்கிப்போனாலும் விட்ட இடத்துக்குத் திரும்பலாம். தானாக நிற்கும் நேரத்தை முன்பே அமைத்துக்கொள். ஒரு காதில் மட்டும் இயர்போன் போடு. நர்ஸ் வருவதும், பக்கத்துக் கட்டிலில் யாரோ கூப்பிடுவதும் மற்றக் காதில் விழ வேண்டும். இந்தச் சிகிச்சையில் கவனம் சிதறும், படித்தது மறக்கும் என்கிறார்கள். அப்படி இருந்தால் புதிய நூலோடு மல்லுக்கு நிற்காமல், முன்பே படித்ததைத் திரும்பக் கேள். கதை தெரியும் என்பதால் நடுவில் கண்ணயர்ந்தாலும் ஒன்றும் இழப்பில்லை, தெரிந்த மனிதர்கள் பக்கத்தில் இருப்பது போலவும் இருக்கும்.

புத்தகம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்காக 2016இல் தொடங்கிய இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயாவில் நீ உறுப்பினர். 1998 முதல் மதுரைத் திட்டம் என்ற தன்னார்வக் குழுவினர் இணையத்தில் ஏற்றிவரும் தமிழ் நூல்களைத் திரைவாசிப்பான் தடையின்றிப் படிக்கும். பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வகைசெய்யும் மராக்கேஷ் ஒப்பந்தத்தை உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா என்று 2014இல் எவ்வளவு மகிழ்ச்சியாக எனக்குப் போன் செய்தாய்! ஒப்பந்தம் வந்தும், இன்று கடையில் விற்கிற புதிய தமிழ்ப் புத்தகங்களில் உன்னால் படிக்க முடிந்தவை சிலவே என்பது எனக்குத் தீராத கோபம். வலியில் இருக்கும் ஒருத்தி, வெளியான அன்றே ஒரு நாவலைக் கேட்க விரும்புவது பெரிய ஆசையா?

அதனால் நானே வாசித்துப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறேன். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதே, மாற்றுத்திறனாளி ஒருவருக்காக நூலை அவர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றலாம் என்று வைத்துவிட்டார்கள். ஆகவே தயங்க வேண்டியதில்லை. சாயங்காலம் தெருவில் சத்தம் அடங்கியதும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறேன். உன் அப்பா டிவியின் ஒலியைக் குறைத்துவிடுகிறார். நீ சென்ற தீபாவளிக்குக் கேட்டு, கிடைக்கவில்லை என்று விட்டுவிட்ட நாவலின் முதல் மூன்று அத்தியாயங்கள் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. என் வாசிப்பு வேகமாக இருக்கிறதா, வட்டார வழக்கை நான் உச்சரிப்பது சரியாக இருக்கிறதா என்று சொல். இயந்திரக் குரலே போதும் என்றாலும் வருத்தப்பட மாட்டேன். தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகும்போது விரலைப் பற்றிச் சொல்லிவிடு. சொன்னதும் அவர் என்ன பதில் சொன்னார் என்பதை, மாப்பிள்ளை வழியாக இல்லாமல், நீயே எனக்கு எழுது. நான்காவது அத்தியாயத்தை அதற்குள் முடித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா