மலர்களோடு கருவிகளுக்கும் நிதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உதகை அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சிக்கு நாற்று நடவு தொடங்கியிருப்பதாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். கண்காட்சிக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்காவது பூங்காவின் கருவிகளுக்கும் கிடைக்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில், 1848இல் உருவான இப்பூங்காவை அமைத்த மெக்ஐவர், மலேரியாவுக்குக் கொய்னா மருந்து தரும் சிங்கோனா மரங்களை நீலகிரியில் வளர்த்துக் காட்டியவர் என்பதால், இதை வெறும் சுற்றுலாத் தலமாகக் கருதுவது அவ்வுழைப்புக்குச் செய்யும் குறையாகும்.

கடந்த பனிக்காலத்தில் ஒரு விடியற்காலை, உறைபனி படாதிருக்க நாற்றுகளின்மேல் போர்த்தியிருந்த கோத்தகிரி மிலார் என்னும் செடிகளைத் தொழிலாளர்கள் விலக்கி, வெயில் ஏறுமுன் உறைபனி கரையத் தண்ணீர் தெளித்ததை அருகில் நின்று பார்த்தேன். விறைத்த விரல்களை அவ்வப்போது அக்குளில் இடுக்கிக்கொண்டே வேலை செய்தனர். இத்தகைய கைப்பக்குவத்துக்குத் துணையாக, வெப்பநிலையைச் சீராக வைக்கும் பசுமைக்குடில், உறைபனியை முன்கூட்டி உணர்த்தும் கருவி, விதைகளுக்கான குளிர்பதன அறை ஆகியவற்றுக்குக் கண்காட்சிச் செலவோடு கலக்காத தனித் தலைப்பில், பராமரிப்புச் செலவையும் சேர்த்து, வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
குன்னூர்.