மாலை ஐந்து மணிக்கு வருகிறவருக்கும் நல்ல ரொட்டி வேண்டும்: புதுச்சேரி பிரெஞ்சு பேக்கரிகளுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி ஒயிட் டவுனில் பிரெஞ்சு பேக்கரியும் உணவகமும் சேர்த்து நடத்தும் உரிமையாளர்களுக்கும் சமையலறைப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

காலை எட்டு மணிக்கு உங்கள் கடையில் உட்காருகிறவர் க்ரோசானை (வெண்ணெயை அடுக்கடுக்காக மடித்துச் சுட்ட பேஸ்ட்ரி) பிய்த்ததும் மேசையெல்லாம் செதில் உதிரும். மாலை ஐந்து மணிக்கு அதே நாற்காலியில் உட்காருகிறவருக்கு, அதே விலைக்கு, துவண்டுபோன க்ரோசானும் பல்லில் இழுபடும் பகெத்தும் வருகின்றன. உங்கள் பேக்கர்களின் கைத்திறமையில் எங்களுக்குச் சந்தேகம் கிடையாது. கெடுவதெல்லாம் ரொட்டி அடுப்பை விட்டு இறங்கிய பிறகுதான். அதைத் திருத்தச் சொல்லித்தான் எழுதுகிறோம்.

பகெத்திலிருந்து தொடங்குவோம். சுமார் 250 கிராம் எடையுள்ள மெல்லிய நீள ரொட்டி. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறொன்றும் அதில் இல்லை. கொழுப்பு இல்லாததால் சீக்கிரம் காய்ந்துவிடும். 240 முதல் 250 டிகிரியில் ஆவி விட்டுச் சுடும்போது கிடைக்கிற மொறுமொறுப்பான மேல்தோல், உள்ளே இருக்கும் ஈரத்தையும் கடற்காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிச் சில மணி நேரத்தில் செருப்புத் தோல்போல ஆகிவிடும். சூடு ஆறுமுன் பிளாஸ்டிக் உறையில் போட்டால் அரை மணியே போதும். காகித உறை போதுமானது. ஃபிரிட்ஜில் வைப்பது பிளாஸ்டிக் உறையைவிட மோசம். மாவுச்சத்து இறுகி ரொட்டி பழசாவது அந்தக் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். முந்தின நாள் மாலையே மாவைப் பிசைந்து 4 டிகிரியில் வைத்துவிட்டு, காலை 6, பகல் 11, மாலை 4 என மூன்று தடவையாகச் சுடுங்கள். மொத்த மாவு அதே அளவுதான். அடுப்பு மட்டும் கூடுதலாக இரண்டு முறை சூடேற வேண்டும்.

பழசைச் சூடாக்கித்தான் தர வேண்டுமென்றால் தயவுசெய்து மைக்ரோவேவைத் தொடாதீர்கள். தட்டு மேசைக்கு வந்ததும் க்ரோசானின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: வேர்த்திருக்கும். மைக்ரோவேவ் உள்ளிருக்கும் தண்ணீரை ஆவியாக்கி மேல்தோலுக்குத் தள்ளுகிறது. தோலை உலர்த்தும் வறண்ட சூடு அதில் இல்லை. இரண்டு நிமிடம் மெத்தென்று இருக்கும், ஆறத் தொடங்கியதும் ரப்பராகிவிடும். பகெத்தின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, 200 டிகிரி அடுப்பில் 4, 5 நிமிடம் வையுங்கள். க்ரோசானுக்கு 160 டிகிரியில் 5 நிமிடம்; எடுத்து 2 நிமிடம் ஆறவிட்டால் அடுக்குகள் விறைத்து நிற்கும். முட்டையும் க்ரீமும் ஊற்றிச் சுட்ட கீஷுக்கு 150 டிகிரியில் 15 நிமிடம் வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே முட்டை திரிந்து, தட்டில் தண்ணீர் கசியும். "கால் மணி நேரம் ஆகும்" என்று பரிமாறுகிறவர் முன்கூட்டியே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

க்ரோசானின் கதை இன்னும் நுட்பமானது. மூன்று முறை மும்மடிப்பு போட்டால் 27 வெண்ணெய் அடுக்குகள். மாவைத் தேய்க்கும்போது வெண்ணெய் 13 முதல் 15 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நொறுங்கி அடுக்கு அறுந்துவிடும். மேலே போனால் மாவோடு கலந்து, சுட்டபின் வெட்டினால் தேன்கூடு போன்ற துளைகள் தெரியாமல் பன் மாதிரி இருக்கும். புதுச்சேரியின் மே மாதத்தில் அந்த வேலைக்குக் குளிரூட்டிய தனி அறையும் விடியற்காலை நேரமும் தேவை. எல்லோரும் சறுக்குவது அதற்கடுத்த கட்டத்தில். வடிவம் கொடுத்த க்ரோசான் பொங்கி வருவதற்கு 26 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஆகும். 33 டிகிரி சமையலறையில் வெளியே வைத்தால் சீக்கிரம் பொங்கும், ஆனால் வெண்ணெய் உருகித் தட்டில் ஓடிவிடும். பிறகு அடுப்பில் அது தன் வெண்ணெயிலேயே பொரியும். அடியில் எண்ணெய்ப் பிசுக்கு, உள்ளே வறட்சி என்று வாடிக்கையாளர் குறைசொன்னால் காரணம் இதுதான்.

வெப்பத்துக்குப் பயந்து, வெண்ணெய்க்குப் பதிலான தாவரக் கொழுப்பாகிய மார்ஜரினுக்கு மாறியவர்களும் இருக்கிறார்கள். அது எளிதில் உருகாது. அதனாலேயே மேலண்ணத்தில் மெழுகாகப் படியும். பயன்படுத்தினால் மெனுவில் எழுதிவிடுங்கள். பிரான்சில் பெரும்பாலும் வெண்ணெய் க்ரோசானை நேராகவும், மார்ஜரின் சேர்த்ததைப் பிறைபோல வளைத்தும் வைப்பார்கள். பார்த்ததுமே வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும்.

"இதில் முட்டை இருக்கிறதா?" நம்மூரில் உங்கள் பணியாளரிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். "இல்லை" என்ற பதில் பல நேரம் பாதிதான் உண்மை. மாவில் முட்டை இருக்காது, பளபளப்புக்காக மேலே தடவியிருப்பார்கள். அதே பிரஷ் காய்கறிப் பஃப் மீதும் ஓடியிருக்கும். இந்திய உணவு விதிகளின்படி முட்டை சேர்ந்ததற்கு அசைவக் குறிதான். கேட்பவருக்கு அது நம்பிக்கை சார்ந்த விஷயம், சிலருக்கு ஒவ்வாமை. முஸ் கேக்கில் ஜெலட்டின், வெங்காய சூப்பில் மாட்டெலும்புச் சாறு, பாபா கேக்கில் ரம்: இவற்றையும் கேட்கும்வரை காத்திருக்காமல் எழுதிவையுங்கள். முட்டை வேண்டாத வகைகளுக்குப் பாலோ க்ரீமோ தடவலாம். பளபளப்பு குறையும், அவ்வளவுதான். பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும்.

பிரான்சில் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிசைவது, புளிக்கவைப்பது, வடிவமைப்பது, சுடுவது எல்லாம் விற்கும் இடத்திலேயே நடந்தால்தான் 'பூலான்ஜெரி' (ரொட்டிக் கடை) என்று பலகை மாட்டலாம். ரொட்டியை எந்தக் கட்டத்திலும் உறையவைக்கக் கூடாது. க்ரோசானுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கேயும் உறைந்த க்ரோசானைச் சுட்டு விற்கும் கடைகள் உண்டு. இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லாததால் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும், 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊரின் பெயரைச் சொல்லி விற்கும்போது, எது இங்கே பிசைந்தது, எது உறைந்து வந்தது என்று சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை போதும்: பெயர், அடுப்பிலிருந்து எடுத்த நேரம், வெண்ணெயா மார்ஜரினா, முட்டை உண்டா.

பில்லைப் பற்றி ஒரு வரி. சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. விருப்பமிருந்தால் வாடிக்கையாளர் தானே கொடுப்பார்.

க்ரீம் நிரப்பிய நீளப் பேஸ்ட்ரியான எக்லேரை மொத்தமாகக் காலையிலேயே நிரப்பிவைக்காதீர்கள். கூடு க்ரீமின் ஈரத்தைக் குடித்து மாலைக்குள் நமுத்துவிடும். வெறும் கூடுகளைக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, பத்துப் பத்தாக நிரப்புங்கள்.

மிஞ்சியதை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பிரெஞ்சுக்காரர்களே வழி வைத்திருக்கிறார்கள். நேற்றைய க்ரோசானைக் குறுக்கே வெட்டி, சர்க்கரைப் பாகில் தோய்த்து, பாதாம் க்ரீம் தடவி 175 டிகிரியில் 15 நிமிடம் சுட்டால் அதுதான் பாதாம் க்ரோசான். நேற்றைய பகெத்தை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, 250 மில்லி பாலில் 2 முட்டையும் 30 கிராம் சர்க்கரையும் அடித்த கலவையில் ஊறவைத்து வெண்ணெயில் வாட்டினால் 'பான் பெர்த்யூ'. பெயருக்குப் பொருளே வீணாய்ப்போன ரொட்டி என்பதுதான். காலை மெனுவில் அந்தப் பெயரிலேயே போடுங்கள். விரும்பிக் கேட்டு வாங்குவோம்.

இப்படிக்கு,
உங்கள் மேசைகளுக்குத் தொடர்ந்து வருகிறவர்கள்