கேஷும் காசும் லாச்சியும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல இங்கிலீசுக்குப் போன தமிழ்ச் சொல்லுகள் எண்டு வந்த கட்டுரைய வாசிச்சன். கட்டுமரம், சுருட்டு எல்லாம் சரி. ஆனா கேஷ் எண்ட சொல்லு எங்கட காசுல இருந்துதான் போனது எண்டு அடிச்சுச் சொன்னதுதான் எனக்கு இடிக்குது.

நான் புறக்கோட்டையில ஒரு சாமான் கடையில 22 வருசம் காசு மேசையில இருந்தவன். பழைய மர மேசை, காசு போடுற லாச்சியில சில்லறைக்குக் குழி குழியாக் குடைஞ்சிருக்கும், மழைக்காலத்தில இறுகிப்போய் ரெண்டு கையாலயும் இழுக்கோணும். பின்னேரம் கடை பூட்டேக்க முதலாளி "லாச்சி எவ்வளவு?" எண்டுதான் கேப்பார், காசு எவ்வளவு எண்டு ஒருநாளும் கேட்டதில்ல. கேஷுக்கும் நடந்தது இதுதான். லத்தீன்ல காப்சா எண்டா பெட்டி, அது இத்தாலியில காஸ்ஸா, பிரெஞ்சில கெஸ் எண்டு ஆகி 1500கள்ட கடைசியில இங்கிலீசுக்கு வந்தது, முதல்ல காசுப்பெட்டிக்குத்தான் கேஷ் எண்டு பேர், போகப்போகப் பெட்டிக்குள்ள கிடந்ததுக்கே அந்தப் பேர் ஆயிட்டுது. நாங்க முழுங்கிற கேப்சூலும் அந்தக் காப்சாட பிள்ளைதான்.

அதுக்காகக் கட்டுரை முழுப்பிழை எண்டும் சொல்லமாட்டன். இங்கிலீசில இன்னொரு கேஷ் இருக்கு, டிக்‌ஷனறியில தனியாப் போட்டிருப்பாங்க. அது அசல் எங்கட காசு. போர்த்துக்கீசர் காச கைஷா எண்டாங்க (அவங்கட பாஷையில பெட்டிக்கும் கைஷாதான், குழப்பத்தப் பாருங்க), அதக் கேட்டு வெள்ளைக்காரன் கேஷ் எண்டான். அந்தக்காலத்து மெட்ராஸ்ல 80 கேஷ் ஒரு ஃபனம், அந்த ஃபனமும் எங்கட பணம்தான், 42 ஃபனம் ஒரு வராகன் எண்ட பொன்காசு. சீனாவில நடுவில சதுர ஓட்டை போட்ட காசுக்கும் இதே பேர வச்சாங்க. 1808 எண்டு பொறிச்ச 10 கேஷ், 20 கேஷ் செப்புக்காசுகள ஏத்திக்கொண்டு வெளிக்கிட்ட அட்மிரல் கார்ட்னர் எண்ட கப்பல் 1809 ஜனவரியில இங்கிலாந்துக் கரைய விட்டு விலகமுதலே தாண்டு போச்சு, அந்தக் காசுகளக் கடலுக்குள்ள இருந்து எடுத்து இப்பவும் விக்கிறாங்க.

எங்கட காசு என்ன சின்னச் சொல்லா? சோழர் கல்வெட்டிலயே ஈழக்காசு எண்டு இருக்கு. அதுக்குக் கேஷ்ட சேட்டிபிகேட் தேவையில்ல. சத்தம் ஒண்டா இருந்தாச் சொந்தம் எண்டா, பஸ்ல கொண்டக்டர் கேக்கிற சல்லிக்கும் சள்ளை மீனுக்கும் கூட உறவு சொல்லலாம்.

இன்னொண்டு. அதே கட்டுரையில துட்டையும் தூய தமிழ் எண்டு போட்டிருக்கு. அது டச்சுக்காரன்ட டொய்ட் எண்ட செப்புக்காசு ஐயா. நான் 22 வருசம் இழுத்த லாச்சியும் அவன்ட சொல்லுத்தான். அடுத்த ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம் போட்டா நல்லம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்
கொழும்பு 6