சங்கத்தின் நிதிப் பொறுப்பை ஏற்றிருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சி,

இந்த ஆண்டு நம் சங்கத்தின் நிதி திரட்டும் குழுவை நீ ஏற்று நடத்தப்போகிறாய் என்று கேட்டு மனம் நிறைந்தது. வாழ்த்துச் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். நான் வேலைக்கு உதவுவதை எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில், சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் டொங்காட்டிலும் இதே பொறுப்பில் இருக்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

முதலில் பணக் கணக்கு. ஊராரிடம் வாங்கிய ராண்ட் ஊராருக்கே போக வேண்டும். லயன்ஸ் என்னும் சேவைச் சங்கங்களில் இது எழுதி வைத்த விதி: பொதுமக்களிடம் திரட்டியது தனிக் கணக்கு, உறுப்பினர் சந்தாவில் நடக்கும் நிர்வாகம் தனிக் கணக்கு. எந்தச் சங்கமாக இருந்தாலும் அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள். பிரியாணி விற்றால் அரிசி, கோழி, எரிவாயு, டப்பா செலவை அந்த விற்பனையில் கழிக்கலாம். கூட்டத்துத் தேநீர், பேனர், சட்டை, ஆண்டுக் கடைசி விருந்து எதையும் கழிக்கக் கூடாது. அவை சந்தாவில் போகட்டும். ஒரே வங்கிக் கணக்கில் எல்லாவற்றையும் போட்டால் யாரும் திருடாமலேயே பணம் கலந்துவிடும். “அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம்” என்று எடுத்தது எங்கே போயிற்று என்று பிறகு யாருக்கும் தெரியாது. பணம் எடுக்க இரண்டு பேர் ஒப்புதல் இருக்கட்டும், அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டாம். விற்பனை நாளில் வந்த ரொக்கத்திலிருந்து எந்தச் செலவும் செய்யாதே. முழுதும் வங்கிக்குப் போன பிறகு, ரசீதைப் பார்த்துச் செலவைக் கொடு.

இந்த மண்ணில் நம்மவர்கள் இதைப் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்தவர்களின் வழிவந்தோர், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்று காசு திரட்டினார்கள். அவர்கள் போட்ட ஒவ்வொரு பவுன் பணத்துக்கும் அரசு ஒரு பவுன் தர, டர்பன் இருக்கும் நேட்டாலில் அரசு உதவி பெறும் பள்ளிகள் எழுந்தன. கூலி வேலை செய்தவர்கள் கொடுத்த பணம் அது. நீ கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது இதை நினைத்துக்கொள்.

இனி பிரியாணி விற்பனை. நம் பக்கத்தில் நிச்சயமாகப் பணம் தருவது அதுதான். நாளைச் சரியாகக் குறிப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். புரட்டாசியில் நம் வீடுகளில் பெரும்பாலும் கவிச்சி கிடையாது, காவடி விரதத்திலும் அப்படித்தான். அந்த நாட்களில் கோழிப் பிரியாணி டிக்கெட்டை யாரும் தொடமாட்டார்கள். காய்கறிப் பிரியாணி மட்டும் செய்தால் நன்றாகவே போகும். பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் மண்டபத்தை முன்பதிவு செய்துவிடாதே. 25ஆம் தேதிக்குப் பிறகு சம்பளம் வரும் வீடுகள் நிறைய. ஆகவே மாதக் கடைசி அல்லது முதல் சனிக்கிழமை நல்லது. கோழி ஹலால் கடையில் வாங்கு. பக்கத்து முஸ்லிம் குடும்பங்களும் வாங்குவார்கள். சைவ அண்டா, கரண்டி, மேசை மூன்றும் தனியாக இருக்கட்டும். ஒரே கரண்டி இரண்டு அண்டாவிலும் போவதைச் சைவம் சாப்பிடுகிறவர் ஒருவர் பார்த்துவிட்டால் அடுத்த முறை ஒரு தெருவே வராது.

கணக்கை இப்படிப் போட்டுப் பார். டிக்கெட் 80 ராண்ட், 300 டிக்கெட், ஒரு பொட்டலத்துக்குச் செலவு 38 ராண்ட் என்று வைத்துக்கொள். வரவு 24,000, செலவு 11,400, உதவிக்கு மிஞ்சுவது 12,600. இதில் 30 டிக்கெட்டுக்குப் பணம் வராமல் போனால் குறைவது 2,400. விற்பனையில் அது பத்தில் ஒரு பங்குதான், ஆனால் உதவிப் பணத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. சமையல் செலவு எப்படியும் ஆகிவிட்டதால் அந்த ஓட்டை முழுக்க ஏழைகளின் பங்கில்தான் விழுகிறது. அதனால் டிக்கெட்டைக் கறாராக நடத்து. வரிசை எண் போட்டு, பத்துப் பத்தாகக் கட்டி, யார் எந்த எண் வாங்கினார் என்று கையெழுத்து வாங்கு. சனிக்கிழமை விற்பனை என்றால் புதன் மாலைக்குள் விற்காதது திரும்பி வர வேண்டும். திரும்பாதது விற்றதாகவே கணக்கு. வங்கிப் பரிமாற்றத்தில் கட்டுகிறவர்கள் டிக்கெட் எண்ணைக் குறிப்பில் போடட்டும். கைபேசியில் காட்டும் ‘பணம் அனுப்பியாயிற்று’ படத்தை நம்பிப் பொட்டலம் கொடுக்காதே. வேறு வங்கியிலிருந்து வரும் பணம் ஓரிரு நாள் எடுக்கும், போலிப் படமும் வரும். வெள்ளிக்கிழமைக்குள் கணக்கில் விழுந்ததற்கு மட்டும் பெயரை டிக் செய்.

அளவு: ஒரு கிலோ அரிசிக்குப் பத்துப் பொட்டலம். 300 பொட்டலத்துக்கு 30 கிலோ, மேலே மூன்று கிலோ கையிருப்பு. உதவிக்கு வந்தவர்களும் சாப்பிட வேண்டுமே. கோழியைக் கிலோவில் கணக்கிடாதே, துண்டில் கணக்கிடு. பொட்டலத்துக்கு இரண்டு துண்டு என்றால் 600 வேண்டும், 1.2 கிலோ கோழியைப் பதினாறாக வெட்டச் சொன்னால் 38 கோழியில் 608 துண்டு கிடைக்கும். கடைக்காரரிடம் “பதினாறு துண்டு” என்று எழுதியே கொடு. உருளைக்கிழங்கு 15 கிலோ, மைசூர்ப் பருப்பு தோலோடு ஐந்து கிலோ போதும். பருப்பைத் தனியாக வேகவை; அரிசியோடு போட்டால் அதன் சாயம் சோறு முழுக்க ஏறிவிடும்.

ஒரே பெரிய அண்டாவில் ஆசைப்படாதே. பதினொரு கிலோ அரிசி வீதம் மூன்று அண்டாவாகப் போடு. ஒன்று அடிபிடித்தாலும் மற்ற இரண்டும் நிற்கும். வீட்டில் செய்கிற பக்குவம் இங்கே செல்லாது. அவ்வளவு சோறு தன் சூட்டிலேயே வெகுநேரம் வெந்துகொண்டிருக்கும். விரலில் நசுக்கினால் நடுவில் இன்னும் கடினமாக ஒரு புள்ளி தெரியும்போதே வடித்து, தட்டுகளில் பரப்பிவிடு. வடிகூடையிலேயே குவித்து வைத்தால் அடியில் இருப்பது களியாகிவிடும். எரிவாயு அடுப்பின் தீ அண்டாவின் நடுவில்தான் குத்தும், ஆகவே அடுப்புக்கும் அண்டாவுக்கும் இடையில் கனமான இரும்புத் தகடு ஒன்று வை. அண்டாவின் அடியில் எண்ணெயும் வறுத்த உருளைக்கிழங்கும் ஒரு வரிசை கிடக்கட்டும். தம் போட்டபின் மூடியைத் திறந்து திறந்து பார்க்கும் ஆர்வலர்களை அன்போடு விலக்கி வை.

மசாலா தடவிய கோழிதான் பெரிய ஆபத்து. 45 கிலோ இறைச்சியை ஆழமான வாளிகளில் போட்டு வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால், விடியும்போதும் வாளியின் நடு குளிர்ந்திருக்காது. அகலமான தட்டுகளில் நான்கு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஐந்து டிகிரிக்குக் கீழே வை; கடைக்காரரின் குளிர் அறையில் இரவுக்கு இடம் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். மின்வெட்டு அட்டவணையையும் பார்த்துவிடு. உறைந்த கோழியை மேசையில் வைத்து இளக்க வேண்டாம். வெந்த சோறு 60 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும்; அதற்கு ஒரு குத்துவெப்பமானி வாங்கிக்கொள். ஆறிய சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மதியம் மீந்ததை மாலையில் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தனுப்புவது நல்ல மனசுதான், ஆனால் வெளியில் ஆறிக்கிடந்த சோற்றை அனுப்பாதே. கொடுப்பதென்றால் முதலிலேயே அவர்களுக்கென்று எண்ணி, சூடாக அனுப்பு.

பொட்டலம் கட்டும் மேசையில் அடிக்கடி நடப்பது இது: மேலாக அள்ளுவார்கள், முதல் ஐம்பது பேருக்கு வெறும் சோறு, கடைசி ஐம்பது பேருக்கு ஆறு துண்டு. தட்டைக் கரண்டியை ஓரத்திலிருந்து அடிவரை செங்குத்தாக இறக்கி எடுக்க வேண்டும். ஒருவர் சோறு, ஒருவர் இரண்டு துண்டு, ஒருவர் கிழங்கும் முட்டையும், ஒருவர் மூடி. முதல் ஐந்து டப்பாவைத் தராசில் வை. 450 கிராம் வந்தால் அந்தக் கரண்டியை யாரும் மாற்ற வேண்டாம். பருப்புக் கிண்ணங்களை நிமிர்த்தி அட்டைப்பெட்டியில் தனியாக வை; பிரியாணிப் பையில் போட்டால் கார் இருக்கையில் கொட்டி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உனக்குத் தொலைபேசி வரும்.

சமைக்கும் இடத்துக்கு 2018ஆம் ஆண்டின் ஆர் 638 உணவு விதிகளின்படி தகுதிச் சான்று இருக்கிறதா என்று மண்டபக்காரரிடம் கேள். இல்லையென்றால் மாநகராட்சிச் சுகாதார அதிகாரியிடம் முன்கூட்டியே பேசு. வெளியில் டிக்கெட் விற்றுப் பரிசுக் குலுக்கல் நடத்தலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். லாட்டரிச் சட்டத்தின்படி தேசிய லாட்டரி ஆணையத்தில் பதிவு செய்யாமல் அதைத் தொடாதே.

வரிச் சலுகை ரசீது பற்றியும் கேட்பார்கள். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் ஒப்புதல் பெற்ற அமைப்பு மட்டும்தான் அதைக் கொடுக்கலாம். அதுவும் நன்கொடைக்கு மட்டும். பிரியாணி வாங்கினவர் பணத்துக்குப் பொருள் வாங்கிவிட்டார், அவருக்கு 18ஏ ரசீது கிடையாது. 2023 மார்ச் 1 முதல் அந்த ரசீதில் கொடுத்தவரின் அடையாள எண், தொடர்பு விவரம் எல்லாம் வேண்டும். பணம் வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள், ஆண்டுக் கடைசியில் துரத்திக்கொண்டு ஓட வேண்டியிருக்காது.

கொடுப்பதற்கு வருவோம். உணவுப் பைகளைத் தீபாவளிக்கும் டிசம்பருக்கும் எல்லாரும் கொடுக்கிறார்கள். ஒரே வீட்டுக்குக் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் கொடுத்த வாரமும் உண்டு, அதே வீட்டில் ஜனவரியில் அடுப்பு எரியாத வாரமும் உண்டு. பள்ளிச் சீருடை, நோட்டு, காலணி எல்லாம் ஒன்றாகத் தலையில் விழும் மாதம் ஜனவரி. அக்டோபர், நவம்பரில் திரட்டுவதில் பெரும்பங்கை ஜனவரிக்கு ஒதுக்கச் சொல்லிக் குழுவில் வாதாடு. மாதத்துக்குள்ளும் இதே கதைதான்: முதியோர் உதவித்தொகையும் குழந்தை உதவித்தொகையும் மாதத் தொடக்கத்திலேயே வந்துவிடும், இருபதாம் தேதிக்குமேல்தான் வீட்டில் வற்றும். பையை அப்போது கொடு.

பையில் என்ன போடுவது என்பதிலும் யோசனை வேண்டும். பத்துக் கிலோ அரிசி, ஐந்து கிலோ சோள மாவு, இரண்டரைக் கிலோ கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய், பருப்பு, டின் மீன், தேயிலை, உப்பு, சோப்பு என்று சேர்த்தால் 25 கிலோ வந்துவிடும். பலர் சேர்ந்து வரும் வேன் டாக்சியில் வந்து மேட்டுத் தெருவில் ஏறவேண்டிய பாட்டி அதை எப்படித் தூக்குவார்? இரண்டு பையாகப் பிரி, அல்லது வீட்டில் கொண்டுபோய் வை. உலர்ந்த பீன்ஸ் மலிவுதான். மூன்று மணிநேரம் வேக மின்சாரம் வேண்டும், முன்பணம் கட்டும் மீட்டரில் அலகு தீர்ந்த வீட்டில் அது மூலையில் கிடக்கும். சிவப்புப் பருப்பு இருபது நிமிடத்தில் வெந்துவிடும். சைவ வீடு எது என்று பட்டியலில் குறித்து வைத்து, டின் மீனுக்குப் பதில் வேறு போடு. பட்டியலைச் சமூகப் பணியாளர், பள்ளித் தலைமையாசிரியர், மற்ற அமைப்புகள் மூவரோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் இரட்டிப்பு பெரிதும் குறையும்.

வாங்குகிறவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்காதே. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நன்கொடையாளருக்குச் சான்று வேண்டுமென்றால் அடுக்கிவைத்த பைகளையும் கையெழுத்துப் பட்டியலின் எண்ணிக்கையையும் காட்டு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுதாக நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பை வாங்கும் தாயின் முகத்தை அவள் பிள்ளையின் வகுப்புத் தோழர்கள் ஃபேஸ்புக்கில் பார்க்க வேண்டியதில்லை.

பேரிடர் வந்தால் முறை வேறு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டொங்காட்டில் நீர் சுத்திகரிப்பு நிலையமே சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் முதல் நாளே பழைய துணி மலைபோல் குவிந்துவிடும், பிரிக்கவே பத்துப் பேர் வேண்டும். கேட்கும்போதே பெயர் சொல்லிக் கேள்: ஐந்து லிட்டர் தண்ணீர், போர்வை, மாதவிடாய்ப் பட்டை, குழந்தை டயாபர், ரொட்டி, மெழுகுவர்த்தி. துணி வேண்டாம் என்று அறிவிப்பிலேயே எழுது. முதல் வாரத்தோடு எல்லாரும் கலைந்துவிடுவார்கள், ஆகவே நம் பணத்தில் பாதியை நான்காவது வாரத்துக்கென்று பிடித்து வை.

இரத்ததான முகாம் பணமில்லாமல் செய்யக்கூடியது. 16 வயது நிரம்பி, 50 கிலோவுக்குக் குறையாமல், முந்தைய தானத்திலிருந்து 56 நாள் கழிந்திருக்க வேண்டும். கோயில் விழா நாளில் வைக்காதே. விரதமிருந்து வந்தவர்கள் மயங்கி விழுவார்கள். ஜூலை 18 மண்டேலா நாளில் ஒவ்வொருவரும் சேவைக்குக் கொடுக்கும் 67 நிமிடத்துக்கு ஆள் தானாக வரும். வந்தவர்களுக்கு வேலையைப் பிரித்து வை, சும்மா நின்றவர் ஆகஸ்டில் வரமாட்டார். பிள்ளைகளோடு பழகும் வேலை எதற்கும், தொண்டரின் பெயர், பிள்ளைகளோடு பழகத் தகாதவர்களைக் குறித்து வைக்கும் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் இல்லை என்பதை 30ஆம் எண் படிவம் மூலம் சரிபார்த்த பிறகே அனுப்பு.

ஒவ்வொரு விற்பனைக்கும் பதினான்கு நாளுக்குள் ஒரு பக்கக் கணக்கு: டிக்கெட் எத்தனை, வரவு, செலவு, மிச்சம், யாருக்கு, எந்தத் தேதியில். இலவசமாக வந்த அரிசி மூட்டைக்கும் விலை போட்டு அதில் சேர். இந்தப் பக்கங்கள் கையில் இருந்தால், இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான 1997ஆம் ஆண்டின் 71ஆம் எண் சட்டப்படி நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்குப் போகவேண்டிய ஆண்டறிக்கையும் சுலபமாகிவிடும். அதைத் தவறவிட்டால் பதிவே ரத்தாகலாம். கடந்த ஆண்டு அறிக்கை போய்ச் சேர்ந்ததா என்று முதல் கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் கேட்டுவிடு.

அன்புடன்,
அக்கா