வாசிக்க ஆளில்லாமல் ஆர்கன் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பெங்களூரு தேவாலயங்களின் பழைய பைப் ஆர்கன்கள் (துருத்திக் காற்றைக் குழல்களில் செலுத்தி ஒலிக்கும் பெரிய வாத்தியங்கள்) பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். கப்பன் சாலை செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்து ஆர்கன், 1881இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து பீட்டர் கொனாக்கர் நிறுவனம் செய்தது என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் பழைய ஆர்கனைப் புதுப்பிக்கப் பணம் திரட்டிவிட்டால் கவலை விட்டது என்பதுபோல் கட்டுரை முடிகிறது. பழுது பார்த்த பின் யார் வாசிப்பார்கள்?

ஆர்கன் சும்மா கிடந்தால் கெடும். துருத்தியின் தோல் காய்ந்து வெடிக்கும்; மழைக்காலத்தில் மரம் உப்பி, எந்தக் குழல்கள் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்டாப்புகளை இழுக்க முடியாமல் போகும்; எலி வேறு. வாராவாரம் வாசிப்பவர் இருந்தால் எந்தக் கட்டை சிக்குகிறது, எந்தக் குழல் ஊமையாகிவிட்டது என்று அன்றே தெரிந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு மட்டும் திறந்தால், அதற்குள் ஒன்று பத்தாகியிருக்கும்.

சுருதி சேர்ப்பதும் ஒரு நாளோடு முடிகிற வேலை அல்ல. வெயில் ஏறினால் புல்லாங்குழல் இனத்துக் குழல்களின் சுருதி ஏறிவிடும், உள்ளே தகடு அதிர்ந்து ஒலிக்கும் ரீடு குழல்கள் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. டிசம்பர் காலையில் சேர்த்தது ஏப்ரலில் ஒத்துவராது. ஒருவர் ஆர்கனுக்குள்ளே ஏணியில் நின்று, விரல் நீளக் குழலின் உச்சியைக் கூம்புக் கருவியால் மெல்லத் தட்ட, வெளியே இன்னொருவர் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பழுது பார்க்க வெளிநாட்டு நிபுணர் வந்து போன பிறகு இதையெல்லாம் செய்ய உள்ளூரில் ஆள் வேண்டாமா? ஹார்மோனியம் பழுது பார்ப்பவர்களுக்குத் துருத்தியும் தோலும் ரீடும் புதியவை அல்ல. அவர்களில் ஓரிருவரை நிபுணரோடு நிறுத்திவைத்தாலே பாதி வேலை பழகிவிடும்.

வாசிப்பவர்களுக்கும் பஞ்சமில்லை. எங்கள் தமிழ்த் திருச்சபைகளின் பிள்ளைகள் கீபோர்டில் பாமாலைப் பாடல்களை (மேல்நாட்டு மெட்டில் பாடும் தமிழ்த் துதிப்பாடல்கள்) நான்கு குரலிலும் வாசிக்கிறார்கள். பாமாலையின் மெட்டுகளில் பல ஆர்கனோடு பாடப்பட்டு வந்தவை. (நம் ராகங்களில் பாடும் கீர்த்தனையை இதில் வாசிக்கச் சொல்லமாட்டேன், கமகம் வராது.) இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாதது காலால் அழுத்தி வாசிக்கும் கால்கட்டை மட்டும், அதைப் பழக ஆர்கன் முன்னால் உட்கார்ந்தால்தானே முடியும்? பூட்டிய அறைக்குள் இருக்கும் வாத்தியத்தை எப்படிப் பழகுவார்கள்?

ஆர்கன் உள்ள ஆலயங்கள், எந்தச் சபைப் பிள்ளையாக இருந்தாலும் வந்து பழக வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கலாம். சனிக்கிழமை வேண்டாம், அன்று திருமணங்கள் இருக்கும். புதன் அல்லது வியாழன் வசதி.

பாடகர் குழு உறுப்பினர் ஒருவர்,
ஃப்ரேசர் டவுன், பெங்களூரு